ஊருக்கு வராத சைக்கிளுக்கு வாடகை

"ரயிலே ஏறாத மனுசன் ரயிலடியில வண்டிய வுட்டுட்டு மாசாமாசம் வாடகை கட்டுறத நான் இந்த ஜில்லாவுலயே பாத்ததில்லண்ணே" என்பான் ஆரோக்கியசெல்வம். வரதராஜன்பேட்டைக்காரன். அரியலூர் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போடுகிற வேலை. வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம்.

அங்கமுத்து பின்வரிசைக்குப் போய்த் தன் வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவான்.

பின்வரிசை நாள்பட்ட வண்டிகளுக்கு. பம்பாய்க்கு வேலைக்குப் போனவன், மெட்ராசில் மாமன் வீட்டுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவன், பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு கோபத்தில் ரயிலேறியவன் என்று ஆட்கள் விட்டுப்போன சைக்கிள்கள். பெரம்பலூருக்குத்தான் ரயிலே கிடையாதே, அந்தப் பக்கத்து ஜனமும் இங்கே வந்துதான் ஏறணும். காற்று இறங்கி, செயின் துருப்பிடித்து, கேட்பாரில்லாமல் நிற்கும் எல்லாம். நடுவில் ஒரு வண்டி மட்டும் எண்ணெய் போட்டு, பாரில் துணி சுற்றி, நேற்றுத்தான் கடையிலிருந்து வந்த மாதிரி மினுமினுக்கும். அதுதான் அங்கமுத்துவுடையது. அதன் சொந்தக்காரன் பம்பாயிலும் இல்லை, மெட்ராசிலும் இல்லை. எதிரே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான்.

காலையில் ஊரிலிருந்து நடந்தே வருவான். மத்தியானம் சோற்றைத் தின்றுவிட்டுச் சைக்கிளை எடுத்து, கடைவீதி, பஸ் ஸ்டாண்டு, ஏரிக்கரை என்று ஒரு சுற்றுச் சுற்றுவான். சாயங்காலம் வேலை முடிந்ததும் இன்னொரு சுற்று. பிறகு வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஊருக்கு நடந்தே போவான். கேட்கிறவன் சிரிப்பானா மாட்டானா? சிரிக்கத்தான் செய்தார்கள். விஷயம் சிரிக்கிற விஷயமில்லை.

ஊர்ப்பேர் வேண்டாம். சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வர ஆள் இருக்கிறது. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் முதலில் மேலத்தெரு, அதைத் தாண்டித்தான் காலனி. வேறு வழி என்றால் கரிசல்காட்டு வரப்புதான். ஆள் நடக்கலாம், வண்டி போகாது. மேலத்தெருவில் காலனிக்காரன் சைக்கிளில் ஏறிப் போகக்கூடாது. தெருமுனையில் இறங்கணும், செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டணும், தள்ளிக்கொண்டு போகணும். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால், மணியக்காரர் முத்துசாமியின் வாயில் இருந்தது. வேறெங்கே இருக்கும்?

வண்டி வாங்கின அன்றைக்கு அங்கமுத்து எல்லாம் தெரிந்துதான் ஏறி வந்தான். புது வண்டி, புது வேட்டி, வயசு வேகம். மணியக்காரர் வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"யார்ரா அது, காலு தரையில படாமப் போறது?"

அவ்வளவுதான் கேட்டார். நாலு பேர் ஓடிவந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்கள். "தள்ளிக்கிட்டு வந்திருந்தா ஒண்ணுமில்ல. ஏறி வந்த கொழுப்புக்கு, தலையில தூக்கிக்கிட்டுப் போகச் சொல்லு" என்றார் மணியக்காரர்.

அங்கமுத்துவின் அப்பன் அமாவாசை எங்கிருந்தோ ஓடிவந்து மண்ணில் விழுந்தான். "ஆண்டே, சின்னப்பய ஆண்டே, தெரியாமப் பண்ணிட்டான். நான் தூக்கிக்கிட்டுப் போறேன்!" சொன்னபடியே வண்டியைத் தலையில் ஏற்றக் குனிந்தும் விட்டான் கிழவன். அங்கமுத்து அப்பன் கையிலிருந்து வண்டியைப் பிடுங்கினான். தலையிலும் தூக்கவில்லை, முன்னாலும் தள்ளவில்லை. வந்த வழியே திருப்பினான். ரோடு வந்ததும் ஏறி உட்கார்ந்தவன் அரியலூர் ஸ்டாண்டில்தான் இறங்கினான். அப்படி அவனைப் போகவிடுவதற்கு அமாவாசை மேலத்தெருவில் எத்தனை பேர் காலில் விழுந்தான் என்பதை அவன் கடைசிவரை மகனிடம் சொல்லவில்லை.

வரப்பு வழியாக வீடு வந்து சேர்ந்த அங்கமுத்து பெண்டாட்டி இருசம்மாளிடம் ஒரே பேச்சில் முடித்தான். "அந்த வண்டி இந்த ஊருக்குள்ள வந்தா நான் மிதிச்சுத்தான் வரும். இல்லாட்டி வராது."

இருசம்மாள் அப்போது புதுப்பெண், வாயைத் திறக்கவில்லை. அப்புறம் வந்த வருஷங்களில் அதற்கும் சேர்த்துத் திறந்தாள்.

"ஊருல சைக்கிள் வச்சிருக்கிறவன் நீ ஒருத்தன்தானா? நம்ம காலனி வீரமுத்து வச்சிருக்கான். முனையில எறங்குறான், தள்ளுறான், இந்தாண்ட வந்து ஏறிக்கிறான். அவன் என்ன செத்தா போயிட்டான்? எனக்கு வயித்து நோவுன்னா ஆசுபத்திரிக்கு நான் நடந்து போவேன். எம் புருசன் சைக்கிளு ரயிலடியில நெழல்ல நிக்கும். வூட்டுக் கூரையில கீத்து இல்ல, சைக்கிளுக்குக் கொட்டாய் வாடகை!"

"தள்ளுறதுக்கா சைக்கிள் வாங்கினேன்?"

"அப்ப ரோட்டு மேல டீக்கடையில போட்டுட்டு வாயேன்."

"காலையில பெல்லும் இருக்காது, சீட்டும் இருக்காது."

"கட்டு, கட்டு. யானையைக் கட்டித் தீனி போட்ட கதையா கட்டிக்கிட்டே இரு. நான் அந்த யானையோட வாலைக்கூடப் பாத்ததில்ல" என்று முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோவாள். அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அவனுக்குக் கோபம் வந்தது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஸ்டாண்டின் பழைய குத்தகைக்காரர் விட்டுவிட்டார், குத்தகை ஏலத்துக்கு வந்தது. எடுத்தது யார் என்கிறீர்கள்? மணியக்காரர் மகன் குருநாதன். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. யாருடைய பாலில் என்பதுதான் கேள்வி.

அதற்குக் கொஞ்ச காலம் முன்னால்தான் சர்க்கார் மணியம், கர்ணம் எல்லாவற்றையும் ஒழித்துவிட்டிருந்தது. மணியம் போயும் முத்துசாமி மணியக்காரராகவே இருந்தார், கட்டிலும் வேப்பமரமும் அப்படியே இருந்தன. மகன்தான் புதுப் பிழைப்பைப் பார்த்துக்கொண்டான். திருச்சியில் காலேஜ் படித்தவன். டவுனில் அவன் வேறு ஆள். எல்லாரோடும் நின்று டீ குடிப்பான், தோளில் கை போடுவான். மோட்டார் சைக்கிள் ஊர்ப்பக்கம் திரும்பினதும் அந்தக் கை மடங்கிக்கொள்ளும்.

அவனை எப்படிக் கூப்பிடுவது என்பதே அங்கமுத்துவுக்குப் பெரும்பாடு. 'ஆண்டே' என்று சொல்ல வாய் வராது. பேர் சொன்னால் பல் இருக்காது. 'ஏங்க' என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

முதல் மாச வாடகை வாங்கும்போதே குருநாதன் சிரித்தான். "ஒன் வண்டி ஏன் இங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாதா அங்கமுத்து? அய்யா அந்தக் காலத்து மனுசன். அவரு இருக்கிற வரைக்கும் ஒண்ணும் பேச முடியாது. அவரு கண்ண மூடட்டும், நீ ஏறியே வா. எவன் கேக்குறான்னு நான் பாக்குறேன்." சொல்லிவிட்டுக் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

யோசித்துப் பாருங்கள். தெருவில் வண்டி போகக்கூடாது என்பவர் அப்பன். போகமுடியாத வண்டியை நிறுத்திவைக்க வாடகை வாங்குகிறவன் மகன். அந்த அநியாயத்துக்கு அங்கமுத்துவே மாசாமாசம் போய்க் காசு கொடுத்துவிட்டு வந்தான்!

ஆரோக்கியசெல்வத்துக்கே பொறுக்கவில்லை. "அண்ணே, தேரடியில என் மச்சான் கடை வச்சிருக்கான். அவங்கிட்ட வுடுண்ணே, சும்மா வுடு. இந்தாளுக்கு நீ ஏன் அழுவுற?"

"இல்லப்பா. அவரு வாய்விட்டுச் சொல்லியிருக்காரு" என்றான் அங்கமுத்து.

அந்த ஒரு சொல் அவனைக் கொக்கி போட்டு இழுத்தது. வாடகை கொடுக்கும்போதெல்லாம், "பெரியவருக்கு ஒடம்பு எப்படிங்க இருக்கு?" என்று கேட்பான். "கல்லு மாதிரி இருக்காரு" என்பான் குருநாதன். மேலத்தெருப் பக்கம் நடந்துவரும்போது கிழவர் இருமுகிற சத்தம் கேட்டால் அங்கமுத்துவின் நடை தானாகத் தளரும், காது நீளும். ஒரு மனுசன் சாவதற்கு மாசச் சந்தா கட்டுகிற மாதிரி ஆகிப்போச்சு. சில நாள் அதை நினைத்துச் சோறு இறங்காது. ச்சீ, என்ன பொறப்பு நம்ம பொறப்பு என்று தட்டைத் தள்ளிவிடுவான். இருசம்மாள், "டவுன்ல புரோட்டா தின்னுட்டு வந்திருப்பாரு தொரை" என்பாள்.

அப்புறம் ஒரு சாயங்காலம். வேலை முடிந்து ஸ்டாண்டுக்கு வந்தால் வண்டி இல்லை. நாள்பட்ட வண்டிகளுக்குச் சாவியை ஸ்டாண்டிலேயே கொடுத்துவைப்பது வழக்கம், அதனால் பூட்டும் உடையவில்லை. ஆரோக்கியசெல்வம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "மொதலாளி மோட்டார் சைக்கிள் மக்கர் பண்ணிடுச்சு. எதுவும் சொல்லாம எடுத்துக்கிட்டுப் போயிட்டாருண்ணே."

அங்கமுத்து ஓட்டமும் நடையுமாக ஊருக்கு வந்தான். வரப்பின்மேல் நின்று பார்த்தான். மேலத்தெருவின் நட்டநடுவில், பெல் அடித்துக்கொண்டு, குழந்தைகள் பின்னால் ஓடிவர, அவனுடைய சைக்கிளில் குருநாதன் போய்க்கொண்டிருந்தான். வண்டி போனது. அந்தத் தெருவில் அந்த வண்டி ஜம்மென்று ஏறிப் போனது. மணியக்காரர் கட்டிலில் இருந்தபடியே மகனிடம் ஏதோ கேட்டார், மகன் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான். ஆக, வண்டிமேல் தப்பில்லை, தெருமேலும் தப்பில்லை. உட்கார்ந்திருக்கிற ஆள்தான் தப்பு.

மறுநாள் கேட்டதற்குக் குருநாதன், "ஓடாம நின்னா டயரு வீணாப் போயிடும்யா. ஒனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன்" என்றான். அந்த மாச வாடகையும் குறையவில்லை.

வீட்டில் இருசம்மாள் அதற்கு மேல். "என்னாய்யா, ஒன் யானை ஊருக்கு வந்துச்சாமே? கொளத்தடியில சொன்னாங்க. எங்கிட்டதான் சொல்லாம வந்துட்டுப் போயிடுச்சு!" சொல்லும்போது சிரித்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு வெந்நீர் வைக்கப் போனாள்.

மாசி மாதத்தில் மணியக்காரர் செத்தார். காலையில் கஞ்சி குடித்தவர் கட்டிலிலேயே சாய்ந்துவிட்டாராம். ஸ்டாண்டுக்குச் சேதி வந்ததும் குருநாதன் அழுதான். பொய்யில்லை, நிஜமாகவே தேம்பித் தேம்பி அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆகவேண்டியதைப் பார்த்தான். எறையூர் சர்க்கரை மில்லில் வேலை பார்க்கிற சித்தப்பாவுக்குப் போன் போட்டான். பெரம்பலூர்ச் சொந்தங்களுக்குச் சொல்ல வீரமுத்துவைப் பஸ்ஸேற்றினான். மிச்சம் அவனுடைய மாமனார் வீடு.

அங்கேதான் சிக்கல். ஏற்கெனவே ரெண்டு வீட்டுக்கும் ஆகாது. எழவுச் சேதியை ஆள் நேரில் வந்து சொன்னால்தான் மாமனார் பிணத்துக்குப் போர்த்தக் கோடித்துணியோடு வருவார். தந்தி கொடுத்தால், 'ஒரு ஆளனுப்பக்கூட நாங்க லாயக்கில்லையா' என்று வீட்டிலேயே உட்கார்ந்துகொள்வார். அந்த ஆளும் காலனி ஆளாக இருக்கணும். மேலத்தெருக்காரன் எழவு சொல்லப் போகிற வழக்கமில்லை. முன்னே அதைச் செய்துவந்தது அமாவாசை. அமாவாசை மண்ணுக்குப் போனபிறகு வீரமுத்து. வீரமுத்து ஏறின பஸ் இந்நேரம் பாதி வழி போயிருக்கும். மாமனார் ஊருக்குப் பஸ்ஸும் கிடையாது. மேலத்தெருவைக் கடந்து, காலனியைக் கடந்து, ஓடைக்கு அந்தாண்டை போகணும். நடந்துபோனால் பொழுது சாய்ந்துவிடும், காலனியில் வீரமுத்துவை விட்டால் சைக்கிள் ஓட்டுகிறவன் அங்கமுத்துதான்.

குருநாதன் பின்வரிசையைப் பார்த்தான். நேரே கூட்ஸ் ஷெட்டுக்கு வந்தான்.

"அங்கமுத்து, ஒன் வண்டிய எடு."

அங்கமுத்து முதுகில் மூட்டையோடு நின்றான்.

"அய்யா போயிட்டாரு. எங்க மாமனார் வூட்டுக்கு நீதான் போய்ச் சொல்லணும். அவங்க வந்து கோடி போடாம எடுத்தா எம் மானம் போயிடும். நடந்தா ஆவாது. மேலத்தெரு வழியாவே போ. எறங்காத, ஏறியே போ. நான் முன்னாடி போயி எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்." கொஞ்சம் நகர்ந்தவன் திரும்பினான். "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டேன் பாத்தியா. இந்த மாச வாடகையும் வேணாம், போ."

மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போயிற்று. அங்கமுத்து மூட்டையை இறக்கினான், வண்டியை எடுத்தான். ஆரோக்கியசெல்வம் சாவியை எடுத்துக் கொடுத்தான்.

பொய் சொல்வானேன், ரோட்டில் வண்டி கிளம்பினதும் அங்கமுத்துவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கிழவர் செத்தார், நான் ஏறிப் போகிறேன்! காற்று முகத்தில் அடித்தது. இருசம்மாள் பார்ப்பாள், காலனி பார்க்கும், அன்றைக்கு ஹேண்டில்பாரைப் பிடித்த நாலு பேரும் பார்ப்பார்கள். எத்தனை வருஷக் காத்திருப்பு! கால் தானாக மிதித்தது.

ஊருக்குத் திரும்புகிற இடத்தில்தான் பறைச் சத்தம் காதில் விழுந்தது. அமாவாசை ஞாபகம் வந்துவிட்டது. எழவு சொல்லப் போகிற அப்பன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெயிலில் ஓடுகிற அப்பன், அந்த வீட்டு வாசலுக்கு வெளியே நின்று சத்தம் போட்டுச் சேதி சொல்லி, துண்டில் வாங்கின அரிசியோடு திரும்புகிற அப்பன். அதே வேலைக்கு, அதே வீட்டுச் சாவுக்கு, அதே தெரு வழியாக இப்போது மகன் போகிறான். சைக்கிள் எதற்கு? சேதி சீக்கிரம் போய்ச் சேர்வதற்கு. வழி எதற்கு விட்டார்கள்? அவனுக்காகவா விட்டார்கள்? அட மடையா, செத்தவருக்காக விட்டார்கள்!

தெருமுனைக்கு வந்தான். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்க ஜனம். ஓரமாகக் காலனிப் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைக்க நின்றார்கள், அவர்களில் இருசம்மாளும் இருந்தாள். அவனைப் பார்த்ததும் குருநாதன் கையை உயர்த்தினான்.

"வழி வுடுங்க, வழி வுடுங்க! எழவு சொல்லப் போறான், எறக்காதீங்க. ஏறி வாய்யா!"

கூட்டம் ரெண்டாகப் பிரிந்து வழி விட்டது. நடுத்தெரு காலியாகக் கிடந்தது.

அங்கமுத்து இறங்கினான்.

வீரமுத்து இறங்குகிற அதே இடத்தில் இறங்கினான். செருப்பைக் கழற்றினான், ரெண்டையும் ஹேண்டில்பாரில் மாட்டினான். தள்ள ஆரம்பித்தான். ஒரு அடி, அப்புறம் ஒரு அடி. பறை அடித்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"எறங்கிட்டான் பாரு! ஏறுடா, நேரமாவுது!" என்று கத்தினார் ஒருத்தர். அன்றைக்கு ஹேண்டில்பாரைப் பிடித்த நாலு பேரில் ஒருத்தர் அவர்.

"ஏறுங்கிறேன்ல? பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்யா!" குருநாதன் ஓடிவந்தான். கண்ணில் தண்ணீர் காயவில்லை. "ஒனக்கு என்ன கேடு வந்துச்சு?"

அங்கமுத்து நின்றான். குனிந்த தலை நிமிராமல், ரொம்ப மரியாதையாகச் சொன்னான். "மேலத்தெருவுல ஏறிப்போற வழக்கம் இல்லீங்களே."

குருநாதனுக்கு முகம் செத்துப்போயிற்று. அடிக்கக் கை வந்தது. அப்பன் பிணம் கிடக்கிற வாசல், ஊரே பார்க்கிறது, கை பாதியில் நின்றது. அங்கமுத்து மறுபடி தள்ளினான். பிணம் கிடந்த வாசலைக் கடந்தான், வேப்பமரத்தைக் கடந்தான். ஏறு ஏறு என்று ரெண்டு பக்கமும் கத்தினார்கள். இத்தனை வருஷம் எதைச் செய்யமாட்டேன் என்று கூலிக்காசை மாசாமாசம் ஸ்டாண்டில் கொட்டினானோ, அதை ஊர் பார்க்க ஒவ்வொரு அடியாகச் செய்துகொண்டு போனான். ஜெயித்த மாதிரி அவனுக்கு இல்லை. உடம்பெல்லாம் கூசியது.

காலனிக்குள் வந்து வண்டியை வீட்டுச் சுவரில் சாய்த்தான். இருசம்மாள் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தாள். அந்த வண்டியை இவ்வளவு கிட்டத்தில் அவள் இப்போதுதான் பார்க்கிறாள். ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

"தள்ளிக்கிட்டுத்தான் வருவேன்னா அன்னைக்கே வந்திருக்கலாமே! கட்டின காசெல்லாம் என்னத்துக்கு? என் வயித்துல அடிச்சதெல்லாம் என்னத்துக்குய்யா?"

"அன்னைக்கு அப்பன் எறங்குன்னான். இன்னைக்கு மகன் ஏறுங்கிறான்." அங்கமுத்து ஹேண்டில்பாரிலிருந்த செருப்பைக் கழற்றிக் கீழே போட்டான். "ரெண்டும் அவங்க வாயிலேர்ந்துதாண்டி வருது. நான் எப்பதான் ஏறுறது, சொல்லு."

இருசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க கெளம்பிட்ட?" என்றாள், அவன் துண்டை உதறித் தோளில் போட்டபோது.

"எழவு சொல்லத்தான்."

"வண்டி?"

"அது கெடக்கட்டும்."

வெயில் மேற்கே சாய ஆரம்பித்திருந்தது. மேலத்தெருவிலிருந்து குருநாதன் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அங்கமுத்து திரும்பிப் பார்க்காமல் ஓடைப்பக்கம் நடந்தான். அமாவாசை வயசான காலத்தில்கூட இந்த வழியில் அவ்வளவு மெதுவாக நடந்ததில்லை.